சைடு போர் எந்தப் பக்கம்?

“என் தண்ணியை அவிய கெணத்துல வச்சு அளக்கீகளே மேடம், இது நல்லாவா இருக்கு?”

குரல் தலைக்கு மேலே, கண்மாய்க் கரையிலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்க்க எனக்கு வசதிப்படவில்லை. ராஜாத்தியம்மாவின் தென்னந்தோப்புக் கிணற்று விளிம்பில் முட்டி போட்டுக்கொண்டு இரும்பு நாடாவை உள்ளே இறக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் கை அசைந்தால் மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும்.

“யாரு தண்ணின்னு தண்ணியிலயா எழுதியிருக்கு அண்ணாச்சி? செத்த நேரம் பொறுங்க, பாத்துச் சொல்லுதேன்,” என்றேன், கிணற்றுக்குள் பார்த்தபடியே. கிணறு அதை ஒரு தடவை எனக்கே திருப்பிச் சொன்னது.

கரைமேல் நின்றவர் பெருமாள்சாமி. கண்மாய்ப் பாசன சங்கத் தலைவர். அறுபதைத் தாண்டினவர். தை மாசத்து இளவெயிலுக்கே குடை பிடிப்பவர். கரையிலிருந்து தோப்புக்குள் இறங்க நாலு கல்படிகள் உண்டு. அந்த நாலு படியை அவர் இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தோப்புக்காரி ராஜாத்தியம்மா அவருக்கு அந்நியம் இல்லை. சொந்தச் சம்பந்தி. அந்த அம்மாவின் ஒரே மகள் செல்வியைத்தான் இவர் மகனுக்குக் கட்டியிருந்தது.

நாடாவை மேலே இழுத்தேன். நுனியில் நான் பூசியிருந்த நீலச் சாக்பீஸ் எதுவரை நனைந்து கறுத்திருக்கிறது என்று பார்த்தேன். போன மாசத்தைவிட முக்கால் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் கீழே போயிருந்தது.

“என்ன தாயி, கொறஞ்சிருக்கா?” மட்டை பொறுக்கிக்கொண்டிருந்த ராஜாத்தியம்மா நிமிராமலே கேட்டார்.

“ஆமாம்மா.”

“கரைமேல நிக்கிறவுககிட்டச் சொல்லு. அவிய பாட்டுக்கு மடையைத் தொறந்து விட்டுட்டு, எங்கெணத்துல வந்து கேள்வி கேக்காக.”

கரையிலிருந்து பதில் வந்தது. “மேடம், சம்பந்தியம்மா சௌக்கியமான்னு நான் கேட்டதாச் சொல்லுங்க. சொல்லிட்டு, கெணத்துக்குள்ள சைடு போரு எந்தப் பக்கம் போட்டிருக்காகன்னும் கேளுங்க.”

இரண்டு பேருக்கும் நடுவே முப்பது அடிகூட இருக்காது. ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் நடுவில் நின்று, ஒவ்வொன்றையும் அதே மரியாதையோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சொன்னேன். அரசாங்க ஊழியத்தில் அதுவும் அடக்கம் என்று வைத்துக்கொண்டேன்.

டேப்பு மேடம்

போன வாரம், பிளவக்கல் அணைப் பக்கம் குரங்கு என் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டுபோன கதையைப் படித்துவிட்டு, தூக்கில் என்ன குழம்பு இருந்தது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். புளிக்குழம்பு. குரங்குக்கும் பிடிக்கவில்லை, பாதியில் போட்டுவிட்டுப் போய்விட்டது. என் சமையல் பற்றிய விசாரணையை இத்துடன் முடித்துக்கொள்வோம்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக ஒரு வரி. ராஜபாளையத்தில் வீடு, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆபீஸ். கிணறுகளில் தண்ணீர் மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று மாசத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதுவதுதான் என் உத்தியோகம். எங்கள் தெருவில் தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டம்மா என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் ‘நீள்ளு ஆபீஸ்’ என்பார், அதாவது தண்ணீர் ஆபீஸ். வத்திராயிருப்பு ரோட்டு ஊர்களில் எனக்கு ‘டேப்பு மேடம்’ என்று பெயர்.

அளக்கப் போகிற கிணறுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஒன்றில் புறாக்கள் இருக்கும். நாடா உள்ளே போனதும் மொத்தமாகக் கிளம்பி முகத்தில் அடிக்கும். இன்னொன்றில் ஒரு ஆமை. நாடா நுனி தண்ணீரைத் தொட்டதும் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும். இத்தனை வருஷத்தில் என் வேலையை நேரில் மேற்பார்வை செய்த ஒரே அதிகாரி அதுதான்.

ராஜாத்தியம்மா கிணற்றின் குணம் வாசனை. ஈரப் பாசியும் தென்னம்பாளையும் கலந்த ஒரு குளிர்ந்த வாசனை. குனிந்ததும் மூக்கில் ஏறும். அளந்து முடித்தால் ஒரு இளநீர் நிச்சயம். வேண்டாம் என்று சொல்லிப் பார்ப்பேன், இரண்டாவது தடவை சொல்லமாட்டேன்.

மாடியும் கீழ்த்தளமும்

நான் அப்போது வேலை பார்த்த கட்டிடத்தில் தண்ணீருக்கு இரண்டு ஆபீஸ்கள் இருந்தன. பூமிக்கு அடியில் இருக்கிற தண்ணீருக்கான ஆபீஸ் மாடியில். பூமிக்கு மேலே கண்மாயிலும் கால்வாயிலும் இருக்கிற தண்ணீருக்கான ஆபீஸ் கீழ்த்தளத்தில். இதை யார் யோசித்துச் செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கட்டிடத்தைத் தலைகீழாகப் புரட்டினால்தான் சரியாக வரும்.

நடுவே பதினேழு படிகள். டீ வாங்கி வருகிறவரைத் தவிர அந்தப் படிகளில் யாரும் வேலை விஷயமாக ஏறி இறங்கி நான் பார்த்ததில்லை.

கால்வாயில் ஓடுகிற தண்ணீர் மண்ணில் இறங்கினால், கீழே அதற்கு ‘கசிவு’ என்று பெயர். திட்டி எழுதுவார்கள். அதே தண்ணீருக்கு மாடியில் ‘ஊட்டம்’ என்று பெயர். பாராட்டி எழுதுவார்கள். இரண்டும் ஒரே தண்ணீர் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டுமானால், இரண்டு இடத்திலும் வேலை பார்த்த ஆளாக இருக்க வேண்டும்.

அந்த ஆள் நான்தான். முதலில் கீழே இருந்தேன். பிறகுதான் மாடிக்கு மாற்றினார்கள். அப்படியிருந்தும் சொல்லாமல் இருந்தேன் என்பதுதான் இந்த வாரத்துச் சங்கதி.

பெண் பார்க்கப் போன இடத்தில்

செல்வியைப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு நடந்ததை இரண்டு தரப்பிலும் கேட்டிருக்கிறேன். இரண்டு தரப்பும் ஒரே மாதிரி சொன்ன விஷயம் இது ஒன்றுதான்.

பஜ்ஜி, கேசரி எல்லாம் வந்த பிறகு பெருமாள்சாமி குடிக்கத் தண்ணீர் கேட்டிருக்கிறார். செல்வியே செம்பில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். குடித்துவிட்டு, “இப்படிக் கெணத்துத் தண்ணி நான் குடிச்சதில்ல. எங்க கண்மாய்த் தண்ணி மாதிரியே இனிப்பா இருக்கே,” என்றாராம்.

“எங்கெணத்துத் தண்ணி அப்படித்தான் இருக்கும்,” என்றாராம் ராஜாத்தியம்மா.

எல்லாரும் சிரித்துச் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள். அந்த இரண்டு வாக்கியத்திலேயே பின்னால் வரப்போகிற சண்டை முழுதும் இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

தோப்பு இருக்கும் இடத்தைச் சொன்னால் புரியும். செண்பகத்தோப்புப் பக்கத்து மலையிலிருந்து வருகிற ஓடைத் தண்ணீரை, ஒரு வரத்துக்கால் கண்மாய்க்குக் கொண்டுவருகிறது. அது கண்மாயில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் முழங்கை மாதிரி மடங்கும். அந்த மடக்குக்குள்ளேதான் தோப்பு. ஒரு பக்கம் கால், மறுபக்கம் கண்மாய், நடுவில் கிணறு. ராஜாத்தியம்மாவின் வீட்டுக்காரர் இறந்த பிறகு, அந்தத் தோப்பை வைத்துத்தான் அவர் மகளைப் படிக்கவைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு சண்டை முற்றியதும் மரியாதை மட்டும் ஏறிக்கொண்டே போனது. பெருமாள்சாமி ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் சம்பந்தி வீட்டுக்கென்று பால்கோவா வாங்குவார். ஆனால் படி இறங்கிக் கொடுக்கமாட்டார். என் பையில் வைத்துவிடுவார். நான் சத்தியமாகத் தொட்டதில்லை. ஒரு தடவை ஓரத்தில் கொஞ்சம்.

அப்போது செல்விக்கு ஐந்து மாசம். மாமனார் வீட்டில் காலைச் சாப்பாட்டில் அம்மாவைப் பற்றிக் குறை. அம்மாவுக்குப் போன் போட்டால் மாமனாரைப் பற்றிக் குறை. “ரெண்டு பேரும் என்னைய ஒரு நாளும் திட்டினதில்ல மேடம். திட்டினாக்கூட நல்லாருக்கும்போல,” என்றாள் ஒருநாள். வளைகாப்புக்குத் தேதி குறிக்க வேண்டும். யார் யார் வீட்டுக்கு வருவது என்பதில் பேச்சு நின்றுபோயிருந்தது.

சால்வை

இப்போது என் பங்கு.

கீழ்த்தளத்தில் இருந்த காலத்தில், அந்த வரத்துக்காலைப் பார்த்து அறிக்கை எழுதச் சொன்னார்கள். நடந்து பார்த்தேன். மணல் கால். மலையில் மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்தால், கண்மாய்க்கு வந்து சேர இரண்டு நாள் ஆனது. வழியெல்லாம் மண் குடித்தது. ‘வீணாகும் நீரைத் தடுக்கச் சிமெண்ட் தளம் அவசியம்’ என்று எழுதினேன். அழகான கையெழுத்தில் எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தளம் போட்டார்கள். அடுத்த மழைக்குத் தண்ணீர் அரை நாளில் வந்து சேர்ந்தது. கரையில் ஒரு சின்ன விழா. பெருமாள்சாமி எனக்குச் சால்வை போர்த்தி, “இந்தம்மா எங்களுக்கு ஒண்ணரை நாளை மிச்சம் பண்ணிக் குடுத்துட்டாக,” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ராஜாத்தியம்மாவும் தட்டினார். எனக்கு அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மாடிக்கு மாற்றலாகிப் போன பிறகு, பழைய நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அந்தத் தோப்புக் கிணற்றை மாசா மாசம் அளந்து எழுதி வைத்திருந்தார்கள். தளம் போடுவதற்கு முன்னால், காலில் தண்ணீர் ஓடின மாசமெல்லாம் கிணறு ஏறியிருந்தது. தளம் போட்ட பிறகு, கால் நிறைய ஓடினாலும் கிணறு அசையவில்லை.

நோட்டை மூடி வைத்தேன். நம்ப மாட்டீர்கள், மறுபடி திறந்து பார்த்து மறுபடி மூடினேன். இரண்டு வருஷம் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

அந்த இரண்டு வருஷத்தில்தான் ராஜாத்தியம்மா ஆள் வைத்து, கிணற்றுக்குள்ளே அடியில் நின்று பக்கவாட்டில் குழாய் போகிற மாதிரி மூன்று துளை போடவைத்தார். எங்கள் பக்கத்தில் அதற்குச் சைடு போர் என்று பெயர். கண்மாய் பார்த்த பக்கமாகவே மூன்றும். அவரைப் பார்த்து அக்கம்பக்கத்தில் இன்னும் எட்டுக் கிணற்றுக்காரர்கள் போட்டார்கள். கண்மாய் சீக்கிரம் வற்ற ஆரம்பித்தது.

ஒன்பது நாள்

செல்வி உண்டாகியிருந்த அந்த வருஷம் மழை சுமார். கண்மாய் பாதிதான் பெருகியிருந்தது. அதை நம்பி நட்ட நெல் முழங்கால் உயரம் நின்றது. அறுவடை வரை தண்ணீர் வருமா என்பது சந்தேகம்.

கண்மாயில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்ட, மடைக்குப் பக்கத்தில் அளவுக்கல் ஒன்று உண்டு. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்ததால், செல்வி தினம் காலையில் அதுவரை நடந்துபோவாள். அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன் என்று நான்தான் கேட்டேன். அவள் கண்மாய் வாட்ஸப் குரூப்பிலேயே போட ஆரம்பித்தாள். காலை வணக்கப் பூக்களுக்கும் சாமி படங்களுக்கும் நடுவே, பாசி பிடித்த ஒரு கல்லின் படம் தினமும் வரும். யாரும் அதற்கு ஒரு கட்டைவிரல்கூடப் போடவில்லை.

தை பாதியில் அந்தப் பக்கத்து டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. புதுசு வந்து மாட்ட ஒன்பது நாள் ஆனது. ஒன்பது நாளும் ஒரு கிணற்று மோட்டாரும் ஓடவில்லை.

கரண்ட் வந்த மறுநாள் செல்வி எனக்குப் போன் போட்டாள். குரல் தணிவாக இருந்தது.

“மேடம், கல்லைப் பாத்தீகளா? மடை அடைச்சிருந்த நாளை மட்டும் எடுத்துப் பாத்தேன். முன்ன ஒரு நாளைக்கு ரெண்டு விரக்கடை எறங்குச்சு. கரண்ட் இல்லாதப்ப ஒரு விரக்கடைதான். வெயிலு ஒரே வெயிலுதான.”

“சரிதான் செல்வி.”

“அப்ப மாமா சொன்னது நெசம்தான். எங்கம்மா கெணறுதான் குடிக்குது.” பிறகு கேட்டாள். “இதை நான் சொல்லலாமா மேடம்?”

அவளுக்கு நான் என்ன சொல்வது? அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அது எனக்கு இரண்டு பக்கமும் குத்தியது.

“கூட்டத்துல சொல்லுவோம். நானும் வாரேன்,” என்றேன்.

கூட்டம்

பாசன சங்கத்துக்கு ஒரே அறை, ஒரே ஃபேன். ஃபேனுக்கு நேர் கீழே தலைவர் நாற்காலி. மற்றவர்கள் சுவரோரம். ராஜாத்தியம்மா மற்றக் கிணற்றுக்காரர்களோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தார். சம்பந்தியம்மாவுக்கு ஃபேன் காற்று வரவில்லை என்று பெருமாள்சாமி தன் நாற்காலியைத் தள்ளிப் போடச் சொன்னார். வேண்டாம் என்று அந்த அம்மா சொன்னார். இதிலேயே ஐந்து நிமிஷம் போனது.

செல்வி எழுந்து, போனைப் பார்த்துக்கொண்டே அளவுகளைப் படித்தாள். அம்மா முகத்தைப் பார்க்கவில்லை.

“கேட்டுக்கிட்டீகளா எல்லாரும்?” என்றார் பெருமாள்சாமி. “நான் சொன்னா வேலையத்த ஆளும்பீக. இப்ப கல்லே சொல்லுது.”

ராஜாத்தியம்மா எழுந்தார். “ஆமா. கண்மாய்ப் பக்கந்தான் போட்டேன். மூணு போரு. எதுக்குப் போட்டேன்னு இங்க ஒருத்தரும் கேக்கல. முன்ன எங்கெணத்துல நாள் பூரா மோட்டார் ஓடும். பொறவு ஒரு மணி நேரங்கூட ஓடல. குருத்து சாஞ்ச மரத்தை நீங்க கரையில நின்னு பாக்கீக. நான் அடியில நின்னு பாக்கேன்.”

ஃபேன் மட்டும் கிரீச்சிட்டுக்கொண்டிருந்தது.

பழைய நோட்டு என் பையில் இருந்தது. அதை எடுக்காமலே பஸ் ஏறியிருக்கலாம். செல்விதான் திரும்பிக் கேட்டாள். “மேடம், அம்மா கெணறு எப்ப இருந்து கொறையுதுன்னு ஒங்க ஆபீஸ் நோட்டுல இருக்கும்ல?”

எடுத்தேன். வாய் உலர்ந்துபோயிருந்தது. இத்தனை வருஷம் தண்ணீர் ஆபீஸில் இருந்தவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கேட்கத் தோன்றவில்லை.

“வரத்துக்காலுக்குத் தளம் போட்ட வருசத்துல இருந்து கொறையுது,” என்றேன். “முன்ன அந்தக் காலு வழியில குடிச்ச தண்ணிதான் அம்மா கெணத்துக்குப் போய்க்கிட்டிருந்தது. அதை வீண்னு எழுதிக் குடுத்து அடைக்க வச்சது நான். அந்த வழி அடைஞ்சு போனதாலதான் கெணறு கண்மாயில போய்க் கேக்குது. இது தெரிஞ்சு ரெண்டு வருசம் ஆச்சு. நான் சொல்லல.”

ராஜாத்தியம்மா என்னையே பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“மாசா மாசம் வந்து குனிஞ்சு பாத்தியே தாயி,” என்றார். “எளநி வெட்டிக் குடுத்தேனே.”

நோட்டை மூடிப் பையில் வைத்தேன்.

பெருமாள்சாமிதான் வாயைத் திறந்தார். “சால்வை போத்துனது நான்ல. சீக்கிரம் தண்ணி வருதுன்னு குதிச்சவனும் நான்தான். மேடத்தை மட்டும் சொல்லக்கூடாது.”

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அவர் சம்பந்தியை நேராகப் பார்த்துக் கேட்டார். “இப்ப என்ன செய்யலாம் சம்பந்தியம்மா? நீங்க சொல்லுங்க.”

அந்த அம்மா முன்பே யோசித்து வைத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். “கண்மாயில தண்ணி கெடக்கையில எனக்கு எதுக்கு மோட்டாரு? மடைத் தண்ணியில எங்க தோப்புகளுக்கும் ஒரு முறை வைங்க. நாங்க கெணத்தைத் தொடாம வச்சிருக்கோம்.”

“கண்மாய் வத்திட்டா?”

“அப்ப கெணத்துல இருக்கும்ல. அது ஒங்க நெல்லுக்கும்தான்.”

பெருமாள்சாமி தலையாட்டினார். முதல் பாதியை நம்பினார், இரண்டாவது பாதியை நம்பவில்லை என்று அந்த ஆட்டத்திலேயே தெரிந்தது.

மணல் அதிகமாக உள்ள மூன்று இடத்தில் காலின் சிமெண்ட் தளத்தை உடைத்து, குழி வெட்டிக் கல் நிரப்புவது என்றும் பேசினார்கள். அதற்கு உத்தரவு வேண்டும். கீழ்த்தள இன்ஜினியரிடம் நானே போனேன்.

“நீங்க போடச் சொன்னதை நீங்களே ஒடைக்கச் சொல்லுதீகளா மேடம்?”

“ஆமா சார்.”

“ஏன், அப்ப தெரியலையா?”

“அப்ப நான் கீழ இருந்தேன் சார்.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு அந்த நோட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி என்னோடு மாடி ஏறினார். நான் பார்த்து அந்தப் படிகளில் ஏறின முதல் இன்ஜினியர் அவர்தான். மேலே வந்ததும் மூச்சு வாங்கினார்.

பச்சைப் பொத்தான்

மாசி பாதியில் கண்மாய்த் தண்ணீர் மடை வாசலுக்குக் கீழே போய்விட்டது. இனி திறந்தாலும் வயலுக்கு ஏறாது. நெல் பால் பிடிக்கிற நேரம். இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் போதும். பாயாவிட்டால் அத்தனையும் பதர்.

ஒன்பது கிணற்றுக்காரர்களும் சொன்ன சொல் மாறாமல் கிணற்றைத் தொடாமல் வைத்திருந்தார்கள். அந்த மாசம் அளந்தபோது தோப்புக் கிணறு ஒன்றரை ஆள் உயரம் ஏறியிருந்தது.

பெருமாள்சாமி போய்க் கேட்கவில்லை. கேட்க முடியாத மனுஷர் அவர். இரண்டு நாள் காலையும் மாலையும் கரையில் குடையோடு நடந்தார். காலில் குழி வெட்டுகிற அறிக்கைக்காக நான் வந்திருந்த மூன்றாம் நாள், அந்த நாலு படிக்கு மேலே நின்று தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும், “சும்மா காத்து வாங்கலாம்னு,” என்றார். காற்றே இல்லை.

கீழே ராஜாத்தியம்மா ஒரு நீளமான கறுப்புக் குழாயை, மடைக்குக் கீழே ஓடுகிற வாய்க்கால் வரை தானே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“சம்பந்தி, எறங்கி வாங்க. மோட்டாரை நீங்களே போடுங்க. பொறவு நான் கொறச்சுப் போட்டேன்னு யாரும் சொல்லப்படாது.”

அவர் குடையை மடக்கி என் கையில் கொடுத்தார். படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினார். மோட்டார் அறைக்குள் போய் இரண்டு பொத்தானையும் பார்த்துவிட்டு, “பச்சையா?” என்று கேட்டார். ஊரில் பாதி மோட்டாரை ஓட்டிப் பார்த்த ஆள்.

“பச்சைதான்,” என்றார் ராஜாத்தியம்மா.

அழுத்தினார். குழாய் ஒரு தடவை உதறிக்கொண்டு நிமிர்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் விழுந்தது. பெருமாள்சாமி அதைப் பார்க்கப் போகவில்லை. அங்கேயே நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று நினைத்துக்கொள்ளும்படி துடைத்தார்.

ஒன்பது கிணற்றிலிருந்தும் இரண்டு தண்ணீரும் பாய்ந்தது. பங்குனியில் அறுத்தார்கள். கடைமடையில் இருந்த சில வயல்கள் கருகித்தான் போயின. தோப்பிலும் மூன்று மரங்கள் பிழைக்கவில்லை. எல்லாம் தப்பித்தது என்று எழுத ஆசைதான், ஆனால் நடந்தது அதுவல்ல.

வளைகாப்பு தோப்பில் நடந்தது. செல்வி இரண்டு கையும் வளையலோடு மறுநாளும் அளவுக்கல்லுக்கு நடந்துபோனாளாம். குரூப்பில் அன்றைக்கு வந்த படத்தில் கல்லோடு வளையலும் இருந்தது.

குழி

ஐப்பசியில் மலையில் நல்ல மழை. ஓடையில் தண்ணீர் வந்துவிட்டது என்று தகவல் வந்ததும் நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். உத்தரவு வந்து, தளத்தை உடைத்து வெட்டின முதல் குழியில் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். எனக்கு முன்னால் பெருமாள்சாமி வந்திருந்தார்.

செம்மண் நிறத்தில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் சிமெண்ட் தளத்தில் சறுக்கிக்கொண்டு வேகமாக வந்தது. குழி வாசலில் வந்ததும் நின்றது. சுழன்றது. கற்களுக்கு நடுவே குமிழி விட்டுக்கொண்டு உள்ளே போனது. பின்னால் வந்த தண்ணீரும் உள்ளேயே போனது. குழிக்கு அந்தப் பக்கம் கால் காய்ந்துதான் கிடந்தது.

அரை மணி ஆனது. ஒரு மணி ஆனது. நான் அவரை ஓரக்கண்ணால் பார்த்தேன். தண்ணீர் ஒரு இடத்தில் நின்றால் மண்வெட்டி எடுக்கிற ஆள். அவர் கை இரண்டும் குடைக்கம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. கீழே கண்மாய் வெறுமையாகக் கிடந்தது. இன்னும் இதுபோல் இரண்டு குழி இருக்கிறது.

“நேரமாகுதேன்னு பாக்கீகளா அண்ணாச்சி?” என்றேன்.

அவர் குடையைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கரையில் வேட்டியைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தார்.

“குடிக்கட்டும் மேடம்,” என்றார். “குடிச்சிட்டு வரட்டும்.”

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகு நேரம் கழித்துக் குழி நிறைந்து, தண்ணீர் விளிம்பைத் தாண்டி ஒரு நாக்கு மாதிரி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது. பெருமாள்சாமி எழுந்தார். அதை முந்தாமல், அது போகிற வேகத்துக்கே, பக்கத்தில் மெதுவாக நடந்து போனார்.